குப்ருஸ் மடல்கள்: ஒரு தீவின் உடன்படிக்கையும் எட்டு அறிஞர்களின் விடையும்

படையும் கப்பலும் கைவசம் வைத்திருந்த ஓர் எல்லைப்புற ஆளுநர், கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தீவின் உடன்படிக்கையை முறித்து அதன்மீது நடவடிக்கை எடுக்கலாமா என்று தம் காலத்து மார்க்க அறிஞர்கள் எட்டுப் பேருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அரபு நூல்களில் குப்ருஸ் என்றும் இன்று சைப்ரஸ் என்றும் வழங்கப்படும் மத்திய தரைக்கடல் தீவே அது. கேட்டவர் அப்பாஸிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் மலிக் இப்னு ஸாலிஹ். விடை எழுதியோருள் ஒருவரான எகிப்தின் இமாம் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்) ஹிஜ்ரி 175இல் (கி.பி. 791) மறைந்தார், ஆகவே இக்கடிதப் போக்குவரத்து அதற்கு முற்பட்டது.

இக்கடிதங்களை நமக்குக் காத்துத் தந்தவர் இமாம் அபூஉபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்). ஹிஜ்ரி 224இல் (கி.பி. 838) மறைந்த அவர், பதினெட்டு ஆண்டுகள் தர்ஸூஸ் என்னும் எல்லைப்புற நகரின் காழியாகப் பணியாற்றியவர். ஆளுநரின் திவானிலிருந்து எடுக்கப்பட்ட அம்மடல்களைத் தாம் கண்டதாகக் கூறி, அவற்றின் சாரத்தைத் தமது ‘கிதாபுல் அம்வால்’ நூலில் அவர் பதிவு செய்துள்ளார். பின்னர் வந்த வரலாற்றாசிரியர் பலாதுரீயும் தமது ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் குப்ருஸ் பற்றிய பகுதியில் அவற்றைச் சேர்த்துள்ளார்.

ஃபிக்ஹு நூல்களில் ஜிஹாது, ஜிஸ்யா, உடன்படிக்கை ஆகிய அத்தியாயங்களை ஓதிக் கொடுக்கும்போது, சட்டம் முடிந்த முடிவாக ஓரிரு வரிகளில் நம்முன் நிற்கிறது. அந்த வரிகள் எத்தகைய நெருக்கடியில், யார் கேட்ட கேள்விக்கு விடையாகப் பிறந்தன என்பது மாணவர்க்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. குப்ருஸ் மடல்கள் அந்தப் பின்புலத்தை நமக்குக் காட்டுகின்றன. அவற்றை விளங்கிக்கொள்ள, அத்தீவுக்கும் முஸ்லிம் ஆட்சிக்கும் இடையே தொடர்பு ஏற்பட்ட வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

கடலைத் தடுத்த கலீஃபா

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் சிரியாவும் எகிப்தும் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தன. ஆனால் அவற்றின் கரையைத் தொட்டுக் கிடந்த கடல் ரோமப் பேரரசின் கடலாகவே இருந்தது. சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி), கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கடற்படையெடுப்புக்கு அனுமதி கேட்டார். ஹிம்ஸ் பகுதியின் சிற்றூர் ஒன்றில் இருப்போர்க்கு எதிர்க்கரையின் நாய் குரைப்பதும் கோழி கூவுவதும் கேட்கின்றன என்னும் அளவுக்கு எதிரியின் அண்மையை அவர் எடுத்துரைத்ததாகத் தபரீ குறிப்பிடுகிறார்.

உமர் (ரலி) உடனே விடையளிக்கவில்லை. எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதி, கடலையும் அதில் செல்வோரின் நிலையையும் விவரிக்குமாறு பணித்தார். பெரும் படைப்பொன்றின் மீது சிறு படைப்பு ஏறிச் செல்வதே கடற்பயணம் என்றும், மரக்கட்டையில் ஒட்டிக்கொண்ட புழுவைப் போன்றவனே அப்பயணி என்றும் அம்ர் (ரலி) எழுதினார். அதைக் கண்ட கலீஃபா, ஒரு முஸ்லிமையும் அதில் ஏற்றமாட்டேன் என்று ஆணையிட்டு முஆவியாவுக்கு மறுப்பு எழுதினார்.

இம்மறுப்பைக் கடல் அறியாத பாலைவாசியின் அச்சம் என்று சிலர் கருதுவர். அது முழுமையான விளக்கம் ஆகாது. ஹிஜ்ரி 15இல் பஹ்ரைன், உமான் பகுதிகளின் ஆளுநராயிருந்த உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி), இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தாணேக்குக் கடல்வழியே ஒரு படையை அனுப்பினார். படை திரும்பிய பின்பே கலீஃபாவுக்குச் செய்தி எழுதினார். உமர் (ரலி) அவரைக் கடுமையாகக் கண்டித்தார். அப்படையினர் அழிந்திருந்தால் அதே எண்ணிக்கை ஆட்களை உம் குலத்தாரிடமிருந்து பிடித்திருப்பேன் என்று எழுதினார். ஹிஜ்ரி 17இல் அல்அலா இப்னுல் ஹள்ரமீ (ரலி) அனுமதியின்றி வளைகுடாவைக் கடந்து பாரசீகத்தினுள் படை செலுத்தினார். அப்படை திரும்பும் வழியின்றிச் சிக்கிக்கொள்ள, அதை மீட்க வேறொரு படையை அனுப்ப நேர்ந்தது. அல்அலா (ரலி) பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆக, உமர் (ரலி) அவர்களின் கவலை இரண்டு. ஒன்று, தம் பொறுப்பிலுள்ள மக்களின் உயிர். மற்றொன்று, தொலைவிலிருக்கும் ஆளுநர் தம் விருப்பம் போல் போரைத் தொடங்கிவிட்டுப் பின்னர் மையத்துக்குச் செய்தி சொல்லும் போக்கு. போர் குறித்த முடிவு கடிதத்தில் தொடங்க வேண்டுமே தவிர, கடிதத்தில் முடியக்கூடாது என்பதே அவர் ஏற்படுத்த முனைந்த ஒழுங்கு.

அனுமதியும் நிபந்தனையும்

உஸ்மான் (ரலி) கலீஃபாவானதும் முஆவியா (ரலி) மீண்டும் எழுதினார். உமர் (ரலி) அளித்த விடையை நீர் அறிவீரே என்பதே முதல் பதில். ஹிஜ்ரி 27இல் மறுபடியும் எழுதி, குப்ருஸுக்குச் செல்லும் கடல் எளிதானது என்று அவர் வலியுறுத்தியபோது அனுமதி கிடைத்தது; ஆனால் நிபந்தனைகளுடன் கிடைத்தது. ஆளுநர் தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்வதாயின் செல்லலாம் என்று கலீஃபா எழுதியதாகப் பலாதுரீ கூறுகிறார். ஆட்களைத் தாமே தேர்ந்தெடுக்கவோ சீட்டுக் குலுக்கி அனுப்பவோ கூடாது, விரும்பி முன்வருவோரையே கொண்டு செல்ல வேண்டும் என்பது தபரீ தரும் நிபந்தனை. பயணம் பாதுகாப்பானது என்று சொல்பவர் தம் குடும்பத்தை முதலில் ஏற்றிக் காட்டட்டும் என்னும் இக்கோரிக்கையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஹிஜ்ரி 28இல் (கி.பி. 649) அக்கா துறையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. முஆவியாவின் மனைவி ஃபாகிதா உடன் சென்றார். உபாதா இப்னுஸ் ஸாமித் (ரலி) அவர்களும் அவர்களின் துணைவியார் உம்மு ஹராம் (ரலி) அவர்களும் சென்றனர். தம் சமுதாயத்தார் சிலர் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் செல்வதைக் கனவில் கண்டதாக அண்ணல் நபி (ஸல்) கூறியதும், அவர்களுள் தானும் ஒருத்தியாக வேண்டும் என்று உம்மு ஹராம் (ரலி) வேண்டிக்கொண்டதும் ஸஹீஹுல் புகாரீயைப் பயின்றோர் அறிந்தவை. அவ்வம்மையார் அத்தீவில் வாகனத்திலிருந்து விழுந்து மறைந்தார்கள். லார்னக்கா நகரின் உப்பேரிக் கரையில் ஹாலா சுல்தான் தக்கியா என்ற பெயரில் அவர்களின் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

இவ்விடத்தில் மறுபக்கச் சான்று ஒன்றையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். தீவின் வடமேற்கிலுள்ள ஸோலி என்ற பழம்பதியின் தேவாலயத்தில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்த படையெடுப்புகளையும், திரளானோர் சிறைபிடிக்கப்பட்டதையும், எரிந்த தேவாலயத்தை ஆயர் புதுப்பித்ததையும் கூறுகிறது. நம் நூல்கள் வெற்றி என்று எழுதிய அதே நாள்களை அவர்கள் பேரிழப்பு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். இரண்டும் வரலாறே.

இரு பேரரசுகளுக்கு இடையில்

படையெடுப்பின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையே நம் கட்டுரையின் மையம். பலாதுரீயின் கூற்றுப்படி, தீவினர் ஆண்டுதோறும் 7,200 தீனார் செலுத்த வேண்டும். அவர்கள் ரோமர்க்கும் அதே போன்றதொரு தொகையைச் செலுத்தி வந்தனர். அதை முஸ்லிம்கள் தடுப்பதில்லை. தீவை வேறு யாரேனும் தாக்கினால் அவர்களுக்காகப் போரிடும் கடமை முஸ்லிம்களுக்கு இல்லை. ரோமப் படையின் நடமாட்டத்தைத் தீவினர் முஸ்லிம்களுக்கு அறிவிக்க வேண்டும். முஸ்லிம்கள் கடலில் செல்லும்போது தீவினர் அவர்களுக்கு உதவவும் வேண்டியதில்லை, அவர்களுக்கு எதிராக உதவவும் கூடாது.

இமாம் அவ்ஸாஈ (ரஹ்) வழியாக வரும் செய்தியில் தொகை 14,000 தீனார் என்றும், அதில் பாதி முஸ்லிம்களுக்கும் பாதி ரோமர்க்கும் உரியது என்றும் காணப்படுகிறது. எவ்வாறாயினும், இரு எதிரிகளுக்கும் திறை செலுத்தும் ஒரு நாடு என்பது அக்காலத்தில் புதுமையான ஏற்பாடு. கி.பி. 688இல் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானும் ரோமப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியனும் செய்துகொண்ட உடன்பாட்டில் தீவின் வருவாயைப் பங்கிடுவது உறுதி செய்யப்பட்டது.

இந்த ஏற்பாடு எளிதாக நடந்துவிடவில்லை. ஹிஜ்ரி 32இல் தீவினர் ரோமர்க்குக் கப்பல்கள் கொடுத்து உதவினர். மறு ஆண்டில் முஆவியா (ரலி) 500 கப்பல்களுடன் சென்று தீவை மீண்டும் அடக்கினார். பழைய உடன்படிக்கையையே புதுப்பித்த அவர், 12,000 பேரை அங்குக் குடியமர்த்தினார். பள்ளிவாசல்களும் ஒரு நகரும் எழுந்தன. அவர் மறைந்த பின் யஸீத் அப்படையைத் திரும்ப அழைத்துக்கொள்ள, அந்நகர் இடிக்கப்பட்டது. ஸோலிக் கல்வெட்டு இரண்டாம் படையெடுப்பை நம் நூல்களினும் சில ஆண்டுகள் முன்னதாக வைக்கிறது என்பதையும் ஈண்டுக் கூறிவைப்போம்.

திறையின் அளவும் ஆட்சியாளரின் மனப்போக்குக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அப்துல் மலிக் இப்னு மர்வான் ஆயிரம் தீனாரைக் கூட்டினார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அதை நீக்கினார். ஹிஷாம் மீண்டும் விதித்தார். அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர், அம்மக்களுக்கு நீதி செய்யும் கடமை நமக்கே பெரிதும் உரியது, அவர்களுக்கு அநீதி இழைத்து நாம் செல்வம் பெருக்கவில்லை என்று கூறிப் பழைய அளவுக்கே திருப்பினார். வலீத் இப்னு யஸீத் தம் குறுகிய ஆட்சியில் (கி.பி. 743–744) ஐயத்தின் பேரில் தீவினர் பலரைச் சிரியாவுக்கு நாடுகடத்தினார். முஸ்லிம்களே அதை வெறுத்தனர். அவரை அடுத்து வந்த யஸீத் இப்னுல் வலீத் அம்மக்களை அவர்தம் ஊர்களுக்கே திருப்பி அனுப்பினார்.

ஆளுநரின் கேள்வி

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வாறு நீடித்த ஏற்பாட்டின் மீதுதான் அப்துல் மலிக் இப்னு ஸாலிஹ் ஐயுற்றார். தீவினர் ஏதோ ஒரு தகாத செயலைச் செய்தனர். உடன்படிக்கையை முறித்துவிட அவர் எண்ணினார். எண்ணியதும் படையைத் திரட்டவில்லை, கடிதங்களை அனுப்பினார். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்), மக்காவில் ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்), எகிப்தில் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்), ஜஸீராப் பகுதியில் மூஸா இப்னு அஃயன் (ரஹ்), ஹிம்ஸில் இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் (ரஹ்), திமிஷ்கின் காழி யஹ்யா இப்னு ஹம்ஸா (ரஹ்), எல்லை நகரமாகிய மஸ்ஸீஸாவில் அபூஇஸ்ஹாக் அல்ஃபஸாரீ (ரஹ்), மக்லத் இப்னுல் ஹுஸைன் (ரஹ்) ஆகியோர் விடை எழுதினர். இறுதி இருவரும் சேர்ந்து ஒரே மடலாக எழுதினர்.

லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்) கடுமையாக எழுதினார். குப்ருஸ் மக்கள் ரோமர்க்கே நன்மை நாடுவோர் என்னும் ஐயம் நமக்கு என்றுமே இருந்து வந்துள்ளது என்றார். ஒரு கூட்டத்தாரின் மோசடியை அஞ்சினால் உடன்படிக்கையை வெளிப்படையாகத் திருப்பி எறிந்துவிட வேண்டும் என்னும் இறைவசனத்தை (8:58) எடுத்துக்காட்டி, அஞ்சுவதே போதுமானது, உறுதிப்படும் வரை காத்திருக்க வேண்டும் என்று இறைவன் கூறவில்லை என்று வாதிட்டார். ஆனால் அந்தக் கடுமையிலும் ஓர் எல்லை இருந்தது. ஓராண்டுத் தவணை கொடுக்க வேண்டும். முஸ்லிம் நாட்டுக்கு வந்து குடியுரிமை பெற விரும்புவோர் வரலாம், ரோம நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் செல்லலாம். தீவிலேயே பகைவராக இருக்க விரும்புவோர் மீதே போர் என்றார். எல்லாருள்ளும் கடுமையானவர்களுள் ஒருவர்கூட முன்னறிவிப்பற்ற தாக்குதலுக்கு இடம் தரவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) நபிவரலாற்றிலிருந்து பேசினார். உடன்படிக்கையை முறித்தவர்க்குப் பாதுகாப்பில்லை. மக்காவாசிகள் தம் நட்புக் குலத்துக்குத் துணைநின்று நபியவர்களின் நட்புக் குலமாகிய குஸாஆவின் மீது பாய்ந்ததே அவர்களின் முறிவாயிற்று. மன்னிப்பு அவர்களுக்கு அருளாகக் கிடைத்தது. வட்டி வாங்கக்கூடாது என்ற நிபந்தனையை மீறிய நஜ்ரான் மக்களை உமர் (ரலி) வெளியேற்றியதையும் அவர் சுட்டினார்.

இமாம் மாலிக் (ரஹ்) வேறு வழியில் சென்றார். குப்ருஸ் மக்களின் உடன்படிக்கை பழமையானது. அடுத்தடுத்து வந்த ஆளுநர்கள் அதைப் பேணியே வந்துள்ளனர். ஒருவரும் அதை முறித்ததாகவோ அம்மக்களை ஊர்விட்டு ஊர் விரட்டியதாகவோ தாம் அறியவில்லை என்றார். தவணை முடியும் வரை உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்லும் வசனத்தைக் (9:4) காட்டி, அவர்கள் மீதான சான்று நிலைநாட்டப்படும் வரை விரைந்து செயல்பட வேண்டாம் என்று எழுதினார். அதன் பின்னும் அவர்கள் திருந்தாமல், துரோகம் ஐயமற வெளிப்பட்டால், அறிவித்துவிட்டே போரிடலாம்.

ஒரே வேதத்தின் இரு வசனங்களை முன்வைத்து, எகிப்தின் அறிஞரும் மதீனாவின் அறிஞரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பதை இங்குக் காண்கிறோம். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்த சமகாலத்தவர்கள். மதீனாவாசிகளின் நடைமுறை குறித்து இருவரும் நடத்திய கடித உரையாடலும் புகழ்பெற்றது. ஐயம் எழுந்தால் போதுமா, சான்று வேண்டுமா என்பதே இங்கு அவர்களைப் பிரித்த கேள்வி. இன்றும் போர்களுக்கு முன்னால் எழும் கேள்வி அதுவே.

பொதுமக்களும் தலைமக்களும்

மூஸா இப்னு அஃயன் (ரஹ்) எழுதியது சிறு மடல்தான். ஆனால் விவாதத்தின் போக்கையே மாற்றும் கருத்து அதில் இருக்கிறது. இத்தகைய நிகழ்வுகள் முன்பும் நடந்தன, ஆளுநர்கள் ஆராய்ந்து பொறுத்தனர் என்று கூறிய அவர், தீவின் தலைமக்கள் செய்ததற்கு அங்குள்ள பொதுமக்களும் பெரும்பான்மையினரும் உடன்படாமல் இருந்திருக்கலாம் அல்லவா என்று வினவினார். அவர்கள் செய்தது செய்ததாக இருப்பினும் உடன்படிக்கையைக் காப்பதே தம் கருத்து என்று முடித்தார்.

இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் (ரஹ்) மேலும் ஒரு படி சென்றார். குப்ருஸ் மக்கள் எளியோர், அடக்கப்பட்டோர். ரோமர் அவர்களையும் அவர்களின் பெண்களையும் ஆட்டிப்படைக்கின்றனர். அவர்களைக் காப்பது நம்மீது கடமை என்றார். தஃப்லீஸ் (இன்றைய திபிலிஸி) நகரத்தார்க்கு ஹபீப் இப்னு மஸ்லமா (ரலி) எழுதிக் கொடுத்த சாசனம் அவருக்குச் சான்றாயிற்று: முஸ்லிம்கள் வேறு பணியில் இருக்கும்போது எதிரி உங்களை அடக்கினால் அது உங்கள் குற்றமன்று, உங்கள் உடன்படிக்கையும் முறியாது என்பது அதன் கருத்து. வலீதின் நாடுகடத்தலை முஸ்லிம்களும் ஃபுகஹாக்களும் வெறுத்ததையும் அவர் நினைவூட்டினார். மூல உடன்படிக்கையில் தீவைப் பாதுகாக்கும் கடமை முஸ்லிம்களுக்கு இல்லை. எனினும், திறை பெறும் அரசுக்குத் திறை கொடுப்பவரின் துன்பத்தில் பொறுப்புண்டு என்று ஒரு ஹிம்ஸ் அறிஞர் கருதினார். தண்டிக்கலாமா என்று கேட்ட ஆளுநருக்குக் காப்பாற்றுவீராக என்பது அவர் அளித்த விடை.

காழி யஹ்யா இப்னு ஹம்ஸா (ரஹ்) சட்ட நிலையைத் தெளிவுபடுத்தினார். யாருக்காக முஸ்லிம்கள் போரிடுவதில்லையோ, யாருடைய ஊரில் முஸ்லிம்களின் சட்டம் நடப்பதில்லையோ, அவர்கள் திம்மிகள் அல்லர். திறை கொடுத்து விலகி நிற்போர். அவர்கள் விலகி நிற்கும் வரை நாமும் விலகி நிற்க வேண்டும். இதற்கு முன்மாதிரியாக அவர் காட்டியது அரபஸூஸ் என்ற எல்லை ஊரின் கதை. இன்றைய துருக்கியின் தென்பகுதியிலிருந்த அவ்வூரார் முஸ்லிம்களின் மறைவுகளை ரோமர்க்குச் சொல்கின்றனர், ரோமரின் மறைவுகளை நமக்குச் சொல்வதில்லை என்று உமைர் இப்னு ஸஅத் (ரலி) முறையிட்டார். ஓர் ஆட்டுக்கு இரண்டு ஆடு, ஒரு மாட்டுக்கு இரண்டு மாடு என எல்லாப் பொருளுக்கும் இரு மடங்கு கொடுத்து அவர்களை வெளியேறச் சொல்லும். மறுத்தால் அறிவித்துவிட்டு ஓராண்டுத் தவணை கொடும் என்று உமர் (ரலி) பணித்தார். அவர்கள் மறுத்தனர், ஓராண்டு கழிந்த பின்பே அவ்வூர் அழிக்கப்பட்டது. குப்ருஸுக்கும் இந்த முன்மாதிரி பொருந்தும் எனினும், அவர்களை உடன்படிக்கையிலேயே விட்டுவைப்பது நலம் என்பது காழியின் தீர்ப்பு.

ஃபஸாரீயும் மக்லதும் எல்லையில் வாழ்ந்தவர்கள். ரோமரின் தாக்குதல் அவர்களுக்கு அன்றாடச் செய்தி. குப்ருஸ் மக்கள் நம்மிடம் ஒருபோதும் உண்மையாக நடந்ததில்லை என்று இமாம் அவ்ஸாஈ (ரஹ்) கூறுவதுண்டு என அவர்களே எழுதினர். ஆயினும், அம்மக்கள் உடன்படிக்கைக்கு உரியவர்கள். அதில் அவர்கள் பொறுப்பும் உண்டு, உரிமையும் உண்டு. துரோகத்தை வெளிப்படுத்தும் ஒரு செயல் இன்றி அதை முறித்தல் தகாது என்றே முடித்தனர்.

தந்தைக்கும் ஒரு கடிதம்

எல்லா மடல்களையும் தொகுத்த அபூஉபைத் (ரஹ்), பெரும்பாலோர் உடன்படிக்கையைப் பேணவே சொல்கின்றனர் என்றும், தலைமக்களின் குற்றத்துக்காகப் பொதுமக்களைத் தண்டிக்கலாகாது, அவர்களும் அதற்கு இசைந்தார்கள் என்றால் அன்றி, என்பதே பின்பற்றத் தகுந்த கருத்து என்றும் எழுதுகிறார். அதற்குத் துணையாக அவர் எடுத்துக்காட்டுவது மற்றொரு கடிதம்.

லுப்னான் மலையில் கிறிஸ்தவ மக்கள் சிலர் வரி அலுவலரின் கொடுமையைச் சொல்லிக் கிளர்ச்சி செய்தபோது, அன்றைய ஆளுநர் கிளர்ச்சியாளரைக் கொன்றதோடு நில்லாமல் ஏனையோரிலும் பலரை ஊரைவிட்டு வெளியேற்றினார். பைரூத்தில் வாழ்ந்த இமாம் அவ்ஸாஈ (ரஹ்) அவருக்கு நீண்ட மடல் எழுதினார். கிளர்ச்சியில் பங்கு கொள்ளாதவர்கள் தம் வீட்டையும் உடைமையையும் இழக்கும்படி, சிலரின் குற்றத்துக்காகப் பலர் எப்படித் தண்டிக்கப்படலாம் என்று கேட்டார். ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் இறைநெறியையும் (6:164), ஒப்பந்தத்துக்குட்பட்டவனுக்கு அநீதி செய்தவனுக்கு எதிராகத் தாமே வழக்காடுவதாக நபி (ஸல்) எச்சரித்ததையும் அந்த ஆளுநருக்கு நினைவூட்டினார்.

அந்த ஆளுநரின் பெயர் ஸாலிஹ் இப்னு அலீ. குப்ருஸ் குறித்து எட்டுப் பேரிடம் கேட்டெழுதிய அப்துல் மலிக், அவருடைய மகன். தந்தை செய்துவிட்டுக் கண்டனம் பெற்றார்; மகன் செய்வதற்கு முன் கேட்டார். இடையில் ஒரு தலைமுறைதான் கழிந்திருந்தது.

பின்னர் நடந்தது

மடல்களோடு வரலாறு முடியவில்லை. ஹிஜ்ரி 190இல் (கி.பி. 806) ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் ஹுமைத் இப்னு மஃயூஃப் குப்ருஸைத் தாக்கினார். 16,000 பேரைச் சிறைபிடித்து ராஃபிகா நகருக்குக் கொண்டுவந்து விற்றனர் என்று தபரீ எழுதுகிறார். அவர்களுள் தீவின் ஆயரும் இருந்தார். தீவினர் மீண்டும் இணங்கி வந்ததும் கைதிகளைத் திருப்பி அனுப்புமாறு ரஷீத் ஆணையிட்டார், அவர்கள் திருப்பப்பட்டனர் என்கிறார் பலாதுரீ. மாலிக் (ரஹ்) அப்போது மறைந்துவிட்டார். அவரது அறிவுரை திவானில் இருந்தது. விற்கப்பட்டவர்களின் துயரத்தை அந்த ஏடு தடுக்கவில்லை. கி.பி. 965இல் ரோமப் பேரரசர் நிக்கெஃபோரஸ் ஃபோக்காஸ் தீவை முழுமையாகக் கைப்பற்றும் வரை, மூன்று நூற்றாண்டுகள் இந்த இரட்டைத் திறை ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

அப்படியாயின் அம்மடல்களால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் முன்னோரின் ஆட்சியில் அநீதியே நிகழவில்லை என்று பேசுவோர் உள்ளனர். ஃபிக்ஹு என்பது வாள் ஏந்தியவருக்கு வழக்குரைத்த கலை மட்டுமே என்று எழுதுவோரும் உள்ளனர். குப்ருஸ் மடல்கள் இரு சாராரையும் மறுக்கின்றன. அநீதி நிகழ்ந்தது, அதை நம் வரலாற்றாசிரியர்களே மறைக்காமல் எழுதினர். அந்த அநீதியை அளக்கும் கோலையும் நம் அறிஞர்களே ஆட்சியாளரின் கையில் எழுதிக் கொடுத்தனர். அரச குடும்பத்து ஆளுநர் முறிக்க விரும்புகிறார் என்று தெரிந்தே, பெரும்பாலோர் முறிக்காதீர் என்றனர். மாறாக எழுதியவரின் மடலும் அழிக்கப்படாமல் அருகிலேயே வைக்கப்பட்டது.

இதனை நம் காலத்தோடு ஒப்பிடாமல் இருக்க இயலவில்லை. 2003இல் இராக்மீது போர் தொடுக்கும் முன், பிரிட்டனின் தலைமை வழக்குரைஞர் பீட்டர் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்குத் தந்த விரிவான கருத்துரையில் ஐயங்கள் இருந்தன. பத்து நாள்களில் நாடாளுமன்ற மேலவையில் வைக்கப்பட்ட சுருக்கமான விடையில் அந்த ஐயங்கள் இல்லை. விரிவான கருத்துரை அமைச்சரவைக்குக் காட்டப்படவில்லை. வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் மைக்கேல் வுட் அப்போர் சட்டத்துக்கு ஒவ்வாதது என்றார். துணை ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பதவி விலகினார். இவையெல்லாம் 2016 ஜூலையில் வெளியான சில்காட் விசாரணை அறிக்கையில் விரிவாகப் பதிவாயின. அதற்குள் இராக்கில் எத்தனை எத்தனை பொதுமக்கள் மாண்டனர்! பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் மூஸா இப்னு அஃயன் (ரஹ்) கேட்ட கேள்வி, தலைவன் செய்ததற்கு அந்நாட்டு மக்கள் என்ன செய்வார்கள் என்பது, பாக்தாதின் வீதிகளுக்கும் பொருந்திற்று.

அதே கேள்வி நம்மை நோக்கியும் திரும்பும். முஸ்லிம்களின் பெயரால் ஆயுதம் ஏந்தி, ஒரு நாட்டரசின் குற்றத்துக்காக அந்நாட்டின் கடைத்தெருவில் நிற்பவனைக் கொல்வதை மார்க்கம் என்று கூறுவோர் நம் காலத்தில் தோன்றினர். அவர்களுக்கு விடை தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. எல்லையில் நின்று எதிரியின் தாக்குதலை நேரில் கண்டவர்களே, சான்றின்றி முறிக்காதீர், தலைமக்களின் குற்றத்தைப் பொதுமக்கள் மேல் ஏற்றாதீர் என்று எழுதி வைத்துள்ளனர். கிதாபுல் அம்வாலின் அந்தச் சில பக்கங்களை நம் அரபுக் கல்லூரிகளில் ஜிஹாது அத்தியாயத்தோடு சேர்த்து ஓதிக் கொடுத்தால், சட்டத்தின் சொற்களோடு அதை எழுதியோரின் நீதியுணர்வும் மாணவர்களைச் சென்றடையும்.